சும்மா கிடக்கும் ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் ஓப்பன்ஃபோம் ஓட்ட

ஓப்பன்ஃபோம் என்பது காற்று, நீர் போன்றவற்றின் ஓட்டத்தைக் கணக்கிடும் மென்பொருள். அளவுகளை மாற்றி மாற்றிப் பல சின்ன கேஸ்கள் (தனித்தனிக் கணக்குகள்) ஓட்டவேண்டும் என்றால், மெஷின்களை ஒன்றாக இணைக்கும் கிளஸ்டரே வேண்டாம். மெஷினுக்கு ஒரு கேஸ் கொடுத்துவிடுங்கள். நெட்வொர்க் தொல்லை மிச்சம்.

ஒரே பெரிய கேஸ் என்றால்தான் இணைக்க வேண்டும். எல்லாவற்றிலும் ஒரே லினக்ஸ், ஒரே ஓப்பன்ஃபோம், ஒரே ஓப்பன் எம்பிஐ (மெஷின்கள் தங்களுக்குள் தகவல் பரிமாற உதவும் மென்பொருள்) பதிப்பு, ஒரே யூசர் பெயர் இருக்கட்டும். ஒரு மெஷினிலிருந்து இன்னொன்றுக்குள் நுழையும்போது எஸ்எஸ்எச் பாஸ்வேர்டு கேட்கக்கூடாது. கேஸ் ஃபோல்டரை என்எஃப்எஸ் (நெட்வொர்க்கில் ஃபோல்டரைப் பகிரும் முறை) வழியாக எல்லா மெஷினிலும் ஒரே பாதையில் மவுன்ட் செய்யுங்கள்.

மெஷின்களின் பட்டியலான ஹோஸ்ட்ஃபைலில் ஸ்லாட்டுக்கு (ஒரு மெஷினில் எத்தனை துண்டு ஓடலாம் என்ற எண்) நிஜ கோர்களை மட்டும் எண்ணுங்கள்: 4 கோர், 8 த்ரெட் என்றால் 4தான். இந்தக் கணக்குகளில் பெரும்பாலும் முதலில் திணறுவது பிராசஸர் அல்ல, ரேமின் வேகம். ஒற்றை ரேம் போட்ட மெஷினில் அதே அளவில் இன்னொன்றைச் செருகி டூயல் சேனல் ஆக்கினால் வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

கேஸைத் துண்டுகளாகப் பிரிக்கும் டீகம்போஸ்பாரில் ஸ்காட்ச் முறை போதும். கிகாபிட் நெட்வொர்க்கில் கோருக்குச் சுமார் 50,000 செல்லுக்கு (கணக்கிடும் இடத்தைப் பிரித்த சிறு கட்டங்கள்) கீழே பிரித்தால், கணக்கைவிடத் தகவல் பரிமாற்றத்துக்கே நேரம் போகும். வைஃபை பக்கமே போகாதீர்கள். மெதுவான மெஷின் ஒன்று இருந்தால் மற்றவை எல்லாம் அதற்காகக் காத்து நிற்கும். அதைக் கழற்றிவிட்டால் சில சமயம் வேகம் கூடும்!

தொடங்கி ஒரு வரிகூட வராமல் தொங்குகிறதா? ஃபயர்வாலைப் பாருங்கள். டாக்கர் (மென்பொருள்களைத் தனித்தனியாக அடைத்து ஓட்டும் கருவி) இருந்தால் அதன் மெய்நிகர் நெட்வொர்க்கில் எம்பிஐ சிக்கியிருக்கலாம். எம்பிஐயின் பிடிஎல்_டிசிபி_இஃப்_இன்க்ளூட் (btl_tcp_if_include) அமைப்பில் ஆபீஸ் சப்நெட்டை (ஆபீஸ் நெட்வொர்க்கின் முகவரி வரம்பு) மட்டும் கொடுங்கள்.

ஸ்லீப் மோடை அணைத்துவிடுங்கள். ஒரு மெஷின் விழுந்தாலும் மொத்த ஓட்டமும் போச்சு. அதனால் முடிவுகளைச் சேமிக்கும் இடைவெளியான ரைட்இன்டர்வெலைச் சின்னதாக வைத்து, கடைசியாகச் சேமித்த இடத்திலிருந்து தொடர ஸ்டார்ட்ஃப்ரம்மில் லேட்டஸ்ட்டைம் போடுங்கள்.