ஜப்பானிய வாள்: பெயரைக் கடைசியில் படியுங்கள்

பழைய ஜப்பானிய வாள் ஒன்று கைக்கு வந்ததும் கைப்பிடியைக் கழற்றிக் கொல்லரின் பெயரைத் தேடுவதுதான் புதிதாகச் சேகரிப்பவர்கள் பலரும் செய்யும் தவறு. கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் அடிப்பகுதியான ‘நகாகோ’வில் உளியால் வெட்டிய கையொப்பத்தை ஜப்பானியர் ‘மெய்’ என்கிறார்கள். நம் காதுக்கு அது உண்மையைக் குறிக்கும் சொல்லாக ஒலிக்கும். ஆனால் பொய்க் கையொப்பங்கள் மலிந்திருப்பதால் அவற்றுக்கு ‘கிமெய்’ என்ற தனிச்சொல்லே அங்கே புழங்குகிறது. 17ஆம் நூற்றாண்டில் எடோவில் (இன்றைய டோக்கியோ) வாழ்ந்த கொல்லர் கொதெத்சுவின் பெயரைக் கண்டால் முதலில் போலி என்றே எண்ண வேண்டும் என்பது வாள் அறிந்தவர்களிடையே பழைய வழக்கு. அவருக்கு முற்பட்ட பெரும்புகழ் பெற்ற கொல்லர் மசமுனேயோ கையொப்பமிட்டு விட்டுச்சென்ற வாள்களே மிகச் சில.

கிமெய் என்றதும் யாரோ ஒரு கொல்லர் ஏமாற்றுவதற்காகவே வாளை அடித்தார் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பல வாள்களில் நடந்தது வேறு. 1603 முதல் 1868 வரை நீண்ட எடோ காலத்தின் அமைதியில், வாள் போர்க்களத்தைவிடப் பரிசுத் தட்டிலேயே அதிகம் கைமாறியது. பட்டமேற்பு, திருமணம், படைத்தலைமை ஆட்சியாளரான ஷோகனைக் காணச் செல்லுதல் ஆகிய எல்லாவற்றுக்கும் வாள் கொடுப்பது முறையாக இருந்ததாலும், ஹொன்அமி குடும்பத்து மதிப்பீட்டாளர்கள் தந்த சான்றுத்தாளில் வாளின் விலை பொற்காசுக் கணக்கில் எழுதப்பட்டதாலும், பெரிய பெயர்களுக்கு இருந்த தேவை, அந்தப் பெயருக்குரியவர்கள் அடித்த வாள்களின் எண்ணிக்கையை எங்கோ விஞ்சியது. மேலும், காமகுரா காலத்து (12–14ஆம் நூற்றாண்டு) நீண்ட வாள்களைப் பிற்காலத்தவர் இடுப்புக்கு ஏற்றவாறு அடியிலிருந்து குறைத்தபோது, மூலக் கையொப்பம் துண்டோடு போய்விட்டது. அப்படிப் பெயரிழந்த நல்ல வாளிலோ, தொடக்கத்திலிருந்தே பெயரில்லாத வாளிலோ பின்னால் வந்த ஒருவர் புகழ்பெற்ற பெயரை வெட்டிவிடுவார். அதை அடித்த கொல்லருக்கு அந்தப் பொய்யில் எந்தப் பங்கும் இல்லை. எனவே கிமெய் என்று தெரிந்ததும் வாளையே ஒதுக்குவது பெரும் அநியாயம் என்பேன்.

பெயர் இல்லாததையோ அழிந்திருப்பதையோ குறையாகக் கொள்வதும் சரியன்று. முரமசா என்ற கொல்லர் பெயர் தாங்கிய வாள்கள், ஷோகன்களாக ஆண்ட தொகுகவா குலத்துக்கு ஆகாதவை என்ற நம்பிக்கை பரவியதால், அவற்றை வைத்திருந்த சிலர் உண்மையான கையொப்பத்தையே அழித்தார்கள் அல்லது வேறு பெயராகத் திருத்தினார்கள். ஒரே பெயரைப் பலர் தாங்கியதும் உண்டு. 16ஆம் நூற்றாண்டின் பிசென் நாட்டு ஒசஃபுனேயில் சுகேசதா என்று கையொப்பமிட்ட கொல்லர்கள் ஏராளம். ஹிசென் நாட்டில் ததயோஷி என்ற பெயர் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது. எழுத்து மாறியிருக்கிறது என்பதற்காக இவற்றைப் போலி என்று தள்ளுவதற்கு முன், எந்தத் தலைமுறை என்று கேட்க வேண்டும்.

எல்லாவற்றிலும் கொடிய தவறு, பெயரைத் தெளிவாகப் படிப்பதற்காக நகாகோவின் துருவைத் தேய்ப்பது. வாளின் அலகு நூற்றாண்டுகளில் பலமுறை தீட்டப்பட்டிருக்கும். நகாகோவை மட்டும் யாரும் தீட்டுவதில்லை. அதில் மெல்ல ஏறிய கருந்துரு, அரத்தின் கோடுகள், ஆணித்துளைகள், உளி சென்ற பள்ளத்துக்குள் படிந்திருக்கும் நிறம் ஆகியவையே அந்தக் கையொப்பம் வாளோடு சேர்ந்து மூப்படைந்ததா, பழைய துருவை அறுத்துக்கொண்டு பின்னால் நுழைந்ததா என்று காட்டும் சாட்சிகள். மணல்தாளால் ஐந்து நிமிடம் தேய்த்தால் அந்தச் சாட்சிகள் அழிந்துபோகும். வாளின் விலையும் சரியும். துணியால் மெதுவாகத் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எழுத்தின் வடிவத்தை மட்டும் படத்தோடு ஒப்பிடுவதும் போதாது. தேர்ந்த போலிக்காரர்கள் அதே படங்களைப் பார்த்தே பழகியவர்கள். அலகின் வளைவு, இரும்பின் இழை, காய்ச்சிய அலகை நீரில் தோய்த்ததால் விளிம்போரம் தோன்றும் தோய்ச்சல் கோடு ஆகியவற்றைக் கொண்டு காலத்தையும் பட்டறையையும் கணித்துவிட்டு, அதன்பின் பெயரைப் படிக்க வேண்டும்.

ஜப்பானில் வாளோடு வரும் அரசுப் பதிவுச்சீட்டைப் பலர் நற்சான்றாக நினைக்கிறார்கள். அது நீளத்தையும் துளைகளையும் கண்ணுக்குத் தெரியும் பெயரையும் குறிக்கும். பெயர் உண்மை என்று சொல்வதில்லை. அதைச் சொல்வது 1948இல் நிறுவப்பட்ட ஜப்பானியக் கலைவாள் பாதுகாப்புச் சங்கம் போன்றவற்றின் மதிப்பீடு. கிமெய் உள்ள வாளுக்கு அந்தச் சங்கம் சான்று தராததால், சிலர் பெயரை அழித்துவிட்டு வாளை மீண்டும் அனுப்புகிறார்கள். ஒரே ஒருவர் சொன்னதை நம்பி அதைச் செய்யாதீர்கள். அழித்த கையொப்பம் பின்னர் உண்மையானது என்று தெரியவந்தாலும், அதை மீண்டும் வெட்டினால் அதுவும் கிமெய்தான்.