ஸ்கேனில் ‘கல்லீரலில் கட்டி’ என்று வந்துவிட்டதா?

பித்தப்பைக் கல்லுக்கு ஸ்கேன் எடுக்கப் போய், ரிப்போர்ட்டின் கடைசி வரியில் ‘வலது கல்லீரலில் 3 செ.மீ. ஹீமாஞ்சியோமா’ என்று பார்த்துவிட்டு ராத்திரி முழுக்கத் தூக்கமில்லாமல் கூகுளில் தேடுகிறவர்களுக்குத்தான் இது. முதலில் கேட்க வேண்டியது ‘இதை எப்படிக் கரைப்பது’ என்பதல்ல, ‘இது எந்த வகைக் கட்டி’ என்பதுதான்.

அதை முடிவுசெய்ய சாதாரண ஸ்கேன் சில சமயம் போதாது. படத்தில் கட்டியைத் தெளிவாகக் காட்டும் கான்ட்ராஸ்ட் மருந்தை ஊசியில் போட்டு சிடி அல்லது எம்ஆர்ஐ எடுப்பார்கள், ஒரே இடத்தைச் சில நிமிட இடைவெளியில் திரும்பத் திரும்பப் படம் பிடிப்பார்கள். ஹீமாஞ்சியோமா என்றால் மருந்து ஓரத்திலிருந்து மெதுவாக உள்ளே நிரம்புவது தெரியும். அது ரத்தக்குழாய்களின் முடிச்சு, ஊசியால் குத்தினால் ரத்தம் கசியலாம் என்பதால் படத்திலேயே தெளிவாகத் தெரிந்துவிட்டால் பயாப்சி (துணுக்கு எடுத்துச் சோதிப்பது) செய்யமாட்டார்கள்.

சரி, சிகிச்சை? தொந்தரவு தராத ஹீமாஞ்சியோமாவுக்கு எதுவும் வேண்டாம். ரொம்பப் பெரிதாகி வலித்தால், இரைப்பையை அழுத்தினால் மட்டும் ஆபரேஷனைப் பற்றி யோசிப்பார்கள். நடுவில் தழும்பு மாதிரி தெரியும் எஃப்என்ஹெச் (FNH) என்ற இன்னொரு வகைக் கட்டிக்கும் பெரும்பாலும் இதே கதைதான். சாதாரண நீர்க்கட்டியையும் சும்மா விடலாம். தொந்தரவு கொடுத்தால் லேப்ராஸ்கோப்பியில் அதன் மேல்சுவரை வெட்டி எடுப்பார்கள், ஏனென்றால் ஊசியால் நீரை மட்டும் உறிஞ்சினால் திரும்ப நிரம்பிவிடும். நாய் மூலம் பரவும் புழுவால் வரும் ஹைடாடிட் கட்டி வேறு, அதற்கு அல்பெண்டசோல் மாத்திரை உண்டு, சிலருக்கு ஆபரேஷனும்.

அசட்டையாக இருக்கக் கூடாதது கல்லீரல் செல்களிலிருந்து வளரும் அடினோமா என்ற கட்டியில்தான். கருத்தடை மாத்திரை, ஜிம்மில் போடும் ஸ்டீராய்டு, உடல் பருமன் எல்லாம் இதோடு தொடர்புள்ளவை. பெண்களுக்கு மாத்திரையை நிறுத்தி, எடையைக் குறைத்து, ஆறு மாதம் கழித்து மறுபடி எம்ஆர்ஐ எடுப்பார்கள். அப்போதும் 5 செ.மீ.க்கு மேல் இருந்தால் ஆபரேஷன். ஆண்களுக்குப் புற்றாக மாறும் வாய்ப்பு அதிகம் என்பதால் சின்னதாக இருந்தாலும் எடுத்துவிடச் சொல்வார்கள். அடினோமா இருப்பவருக்குத் திடீரென்று வலது பக்க மேல்வயிற்றில் கடும் வலி, தலைசுற்றல் வந்தால் உள்ளே ரத்தம் கசிகிறதோ என்று பார்க்க வேண்டும், நேரே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

கீழாநெல்லி, லிவர் டானிக் எதுவும் இந்தக் கட்டிகளைக் கரைக்காது, அந்தக் காசுக்கு ஒரு நல்ல எம்ஆர்ஐ எடுக்கலாம். ஹெபடைடிஸ் பி, சி, கல்லீரல் தழும்பேறும் சிரோசிஸ், முன்பு வந்த புற்றுநோய் இதில் ஏதாவது இருந்தால் மேலே சொன்ன ‘சும்மா விடலாம்’ உங்களுக்கில்லை, டாக்டரிடம் முதல் வரியிலேயே அதைச் சொல்லிவிடுங்கள். அப்புறம், போகும்போது பழைய ஸ்கேன் ஃபிலிம்களையும் எடுத்துப் போங்கள், ஐந்து வருடம் முன்பும் இதே அளவுதான் என்று தெரிந்தால் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.