கிரைண்டர் பம்பு வழியாக வீட்டைப் பொதுக் கழிவுநீர்க் குழாயில் இணைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டுக் கழிவுநீர் வாட்டத்தில் தானாக ஓடிப் பொதுக் குழாயைச் சேர முடியாத இடங்கள் உண்டு. தெருக்குழாய் வீட்டைவிட மேட்டில் இருக்கலாம். நிலம் பாறையாக இருப்பதால் ஆழமாகத் தோண்டிப் பெரிய குழாய் பதிக்க இயலாமலும் போகலாம். அத்தகைய இடங்களில் வீட்டருகே மண்ணுக்குள் ஒரு தொட்டியைப் புதைத்து, கழிவை அரைத்துக் கூழாக்கித் தள்ளும் கிரைண்டர் பம்பு ஒன்றை அதற்குள் பொருத்துகிறார்கள். வீட்டிலிருந்து 100 மில்லிமீட்டர் குழாய் வாட்டத்தில் தொட்டிக்கு வருகிறது. தொட்டியிலிருந்து பெரும்பாலும் 32 மில்லிமீட்டர் அளவே உள்ள அழுத்தக் குழாய் ஒன்று தெருவிலுள்ள தலைமைக் குழாய்க்குச் செல்கிறது.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களைப் பார்க்கும்போது, எங்கள் தலைமுறை தொடக்கத்தில் செய்த அதே பிழைகள் அதே வரிசையில் திரும்ப நடப்பதைக் காண்கிறேன். ஈரத் துடைப்பான், துணி, சமையல் எண்ணெய் முதலியவற்றைக் கழிப்பறையில் போடக்கூடாது என்பதைப் பம்போடு வரும் கையேடே முதல் பக்கத்தில் சொல்லிவிடுகிறது. ஆகவே வீட்டுக்காரர்களின் தவறுகளை விட்டுவிட்டு, பொருத்துபவர்கள் செய்யும் தவறுகளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

குதிரைத்திறனை மட்டும் பார்த்துப் பம்பு வாங்குவது

"இரண்டு குதிரைத்திறன், கட்டாயம் தள்ளிவிடும்" என்று கடைக்காரர் சொல்வதை நம்பி வாங்கியவர்கள் பலர். பம்பு எதிர்கொள்ள வேண்டிய மொத்த ஹெட்டில், அதாவது நீர்மட்ட உயரமாகக் கணக்கிடும் மொத்த எதிர்ப்பில், மூன்று பங்குகள் உண்டு: தொட்டியின் நீர்மட்டத்துக்கும் குழாய் செல்லும் உச்சிக்கும் இடையிலுள்ள உயர வேறுபாடு, குழாயின் நீளத்தாலும் வளைவுகளாலும் ஏற்படும் உராய்வு இழப்பு, அந்த நேரத்தில் தலைமைக் குழாய்க்குள் ஏற்கெனவே இருக்கும் அழுத்தம். முதல் இரண்டை நாமே அளந்து கணக்கிடலாம். மூன்றாவது, அதே குழாயில் இணைந்துள்ள மற்ற வீடுகளின் பம்புகள் எத்தனை ஒரே சமயத்தில் ஓடுகின்றன என்பதைப் பொறுத்து மாறுவதால், அதைக் கழிவுநீர் அமைப்பை நடத்தும் துறையிடம் கேட்டுத்தான் அறிய வேண்டும்.

மையவிலக்கு வகைப் பம்பில் எதிரழுத்தம் கூடக்கூட வெளியேறும் நீர் குறைந்துகொண்டே வந்து, ஓர் எல்லையில் அறவே நின்றுவிடும். மோட்டார் மட்டும் சுழன்று சூடேறும். திருகு வகைப் பம்பு எதிரழுத்தம் கூடினாலும் ஏறத்தாழ ஒரே அளவு நீரைத் தள்ளிக்கொண்டிருக்கும். ஆகவே ஒரு தெருவின் தலைமைக் குழாய் எந்த வகைப் பம்புக்காகத் திட்டமிடப்பட்டதோ, அந்த வகையையே பொருத்த வேண்டும். பல இடங்களில் துறையே ஏற்கப்பட்ட பம்புகளின் பட்டியலை வைத்திருக்கிறது. சில இடங்களில் பம்பும் தொட்டியும் துறைக்கே சொந்தம், வீட்டுக்குள்ளிருந்து தொட்டி வரையுள்ள குழாயும் மின்சாரமும் மட்டுமே வீட்டுக்காரர் பொறுப்பு. பம்பு வாங்குவதற்கு முன்பே இணைப்பு அனுமதிப் படிவத்தை முழுவதும் வாசித்துவிட்டால், வாங்கிய பம்பைத் திருப்பிக் கொடுக்க அலைய வேண்டியிராது.

தொட்டி மிதந்து எழும் என்பதை நம்பாதது

நான் அதிகம் எழுத விரும்புவது இதைப் பற்றித்தான். இதனால் ஏற்படும் செலவு மற்ற எல்லாத் தவறுகளின் செலவையும் மிஞ்சுகிறது. இவ்வளவு காலமாகச் சொல்லியும் இது நின்றபாடில்லை.

ஒரு சரிவான மனையில் கோடையில் தொட்டியைப் புதைத்தார்கள். இரண்டு மீட்டர் தோண்டியும் ஒரு சொட்டு நீர் ஊறவில்லை. "இங்கே ஊற்றே இல்லை, காங்கிரீட் எதற்கு?" என்று ஒப்பந்தக்காரர் கேட்டார்; வீட்டுக்காரருக்கும் அது நியாயமாகப் பட்டது. தொட்டியைக் குழிக்குள் நிறுத்தி, தோண்டிய மண்ணையே சுற்றிலும் தள்ளி மூடிவிட்டார்கள். மழைக்காலத்தில் தொட்டியின் மூடி புல்தரைக்கு மேலே ஒரு சாண் எழும்பி நின்றது. சுற்றியுள்ள மண் அமிழ்ந்துவிட்டது என்று வீட்டுக்காரர் எண்ணிக்கொண்டு, மேலும் கொஞ்சம் மண்ணைப் போட்டு நிரப்பினார். பிறகு கீழ்த்தளக் கழிப்பறையில் நீர் இறங்க மறுத்தது. நாங்கள் போய்த் தோண்டிப் பார்த்தபோது, வீட்டிலிருந்து வரும் குழாயின் தொட்டிப்பக்க முனை மேலே தூக்கப்பட்டு, வாட்டம் வீட்டை நோக்கியே திரும்பியிருந்தது. வெளியேற்றும் குழாயின் இணைப்பும் விரிசல் விட்டிருந்ததால், பம்பு ஓடும்போதெல்லாம் அரைத்த கழிவைத் தோட்டத்து மண்ணுக்குள்ளேயே செலுத்திக்கொண்டிருந்தது.

அந்த மனையில் ஊற்று இல்லை என்று ஒப்பந்தக்காரர் சொன்னது உண்மைதான். அது களிமண் நிலம். களிமண்ணில் ஒரு குழியைத் தோண்டி, பெயர்த்த மண்ணை இளக்கமாகத் திரும்பப் போட்டால், அந்தக் குழி ஒரு பாத்திரம்போல் ஆகிவிடுகிறது. சுற்றுப்புறத்து மழைநீர் அதற்குள் இறங்கி, வெளியேற வழியில்லாமல் தங்கிவிடுகிறது. நிலத்தடி நீர்மட்டம் எத்தனை ஆழத்தில் இருந்தாலும், தொட்டியைச் சுற்றி நிற்கும் இந்த நீருக்கு அதனோடு தொடர்பே இல்லை. ஆகவே கோடையில் குழி காய்ந்திருந்தது என்பதை ஒரு சான்றாகவே எடுத்துக்கொள்ளக் கூடாது. தரைமட்டம் வரை நீர் நிற்கும் என்று வைத்துக்கொண்டே கணக்கிட வேண்டும்.

கணக்கு எளியது. 0.6 மீட்டர் விட்டமும் 2 மீட்டர் ஆழமும் கொண்ட தொட்டி ஏறத்தாழ 565 லிட்டர் நீரை விலக்குகிறது; அதாவது, சுற்றிலும் நீர் நிறைந்தால் 565 கிலோ எடைக்குச் சமமான விசை அதை மேல்நோக்கித் தள்ளும். தொட்டிக்குள் இருக்கும் கழிவுநீரின் எடையை எதிர்ப்பக்கத்தில் சேர்க்கக் கூடாது, ஏனெனில் அதை வெளியேற்றுவதுதான் பம்பின் வேலை. பம்பின் எடையையும் சேர்க்கக் கூடாது, ஏனெனில் பழுதுபார்க்க அதை வெளியே எடுக்கும் நாள் மழை நாளாகவும் இருக்கலாம்.

காங்கிரீட் போட ஒப்புக்கொள்பவர்களும் அடுத்த படியில் சறுக்குகிறார்கள். காங்கிரீட் கன மீட்டருக்கு 2400 கிலோ என்று எல்லோருக்கும் தெரியும். 565-ஐ 2400-ஆல் வகுத்து, 0.24 கன மீட்டருக்குச் சற்றுக் குறைவாகப் போட்டால் போதும் என்று முடிவு செய்கிறார்கள். ஆனால் அந்தக் காங்கிரீட்டும் அதே நீருக்குள்தான் மூழ்கிக் கிடக்கப்போகிறது. நீருக்குள் அதன் பயனுள்ள எடை கன மீட்டருக்கு 1400 கிலோதான். அவர்கள் போட்ட அளவு தாங்குவது ஏறக்குறைய 330 கிலோ மட்டுமே. மீதி 235 கிலோவுக்குப் பிடிமானம் இல்லை. சரியான விடை 0.4 கன மீட்டர். பாதுகாப்புக்காக அதற்கு மேலும் சேர்த்து 0.5 கன மீட்டர் போடுவது நல்லது. கூடுதலாகத் தேவைப்படுவது கால் கன மீட்டர் அளவு காங்கிரீட் மட்டுமே. இதை மிச்சப்படுத்தப் போய், புல்தரையைக் கிழித்து, குழியிலிருந்து நீரை இறைத்து, கழிவு ஊறிய மண்ணை அகற்றி, தொட்டியைத் தூக்கி மறுபடியும் நிறுத்துகிற வேலையை வீட்டுக்காரர் தலையில் ஏற்றும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது. நிலத்தடி நீர் தரைமட்டம் வரை ஏறும் என்று எடுத்துக்கொண்டு, தொட்டியின் ஒவ்வொரு உயரத்துக்கும் தேவையான காங்கிரீட் அளவைப் பல தயாரிப்பாளர்கள் அட்டவணையாகவே கொடுக்கிறார்கள். அந்தத் தாளைப் பிரிக்காமலேயே குழியில் போட்டு மூடியதையும் பார்த்திருக்கிறேன்.

காங்கிரீட் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். தொட்டிக்கு அடியில் ஒரு காங்கிரீட் பலகை போட்டு, அதன்மேல் தொட்டியை வெறுமனே வைத்தால், பலகை கீழேயே கிடக்கத் தொட்டி மட்டும் எழும்பும். அடிப்பாகத்தில் வெளியே நீண்டிருக்கும் விளிம்பை மூடி, அதற்கு மேலே வளையமாக ஊற்ற வேண்டும். தயாரிப்பாளர் துளைகள் விட்டிருந்தால் அவற்றின் வழியே கம்பி கோத்துக் கட்ட வேண்டும்.

ஊற்றும் நேரத்தில் இன்னொரு ஆபத்து உண்டு. ஈரக் காங்கிரீட்டும் ஒரு திரவம்தான். நீரைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமானது. காலித் தொட்டியைச் சுற்றி வேகமாக ஊற்றினால், மழைக்கெல்லாம் காத்திராமல் தொட்டி அப்போதே சாய்ந்து மேலே வரும். நான் சொன்ன அளவுள்ள தொட்டியைச் சுற்றி 40 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஊற்றினால், மேல்நோக்கிய விசை 270 கிலோ வரை போகலாம். அதனால் முதலில் தொட்டிக்குள் ஒரு மீட்டர் அளவுக்குச் சுத்தமான நீரை நிரப்பி, மட்டம் பார்த்து, பிறகு எல்லாப் பக்கமும் சமமாக ஊற்ற வேண்டும். காங்கிரீட் இறுகிய பிறகு சுற்றியுள்ள மண்ணை அடுக்கடுக்காகப் போட்டு இடித்து இறுக்க வேண்டும். மூடி தரைக்குச் சற்று மேலே நிற்கும்படியும், நிலம் மூடியிலிருந்து விலகிச் சரியும்படியும் முடிக்க வேண்டும். மூடி கண்ணுக்குத் தெரியக் கூடாது என்று அதைப் புல்லுக்குள் மறைக்கச் சொல்பவர்களிடம், மழைநீர் அதன் வழியாகவே உள்ளே இறங்கும் என்பதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

மழைநீரைத் தொட்டிக்குள் விடுவது

கூரைத் தண்ணீர், முற்றத்து வடிகால், அடித்தள ஊற்றுநீர் எதுவும் வரக் கூடாது. விதிவிலக்கு இல்லை.

ஒரே செக் வால்வை நம்புவது

வாட்டத்தில் ஓடும் சாதாரண இணைப்பில் தெருக்குழாய்க்குள் அழுத்தம் கிடையாது. இங்கே தலைமைக் குழாய் எப்போதும் கழிவால் நிறைந்தே இருக்கிறது. அண்டை வீட்டுப் பம்பு ஓடும்போது அந்த அழுத்தம் உங்கள் குழாயின் வாசலிலும் வந்து நிற்கிறது. தொட்டிக்குள் பம்பை ஒட்டி, நீரை ஒரே திசையில் மட்டும் செல்லவிடும் செக் வால்வு ஒன்று இருக்கும். அதன் இருக்கையில் ஒரு நார் சிக்கினாலும் ஊர்க்கழிவு உங்கள் தொட்டிக்குள் திரும்ப வரும். பம்பு அதை வெளியே தள்ளும். அது மறுபடியும் வரும். வீட்டில் யாரும் குழாயைத் திறக்காதபோதும் பம்பு அடிக்கடி ஓடுகிறது என்ற புகார் வந்தால், நான் முதலில் சந்தேகிப்பது இதையே. அதனால்தான் மனையின் எல்லைக்கருகே இரண்டாவது செக் வால்வும், அதற்குப் பக்கத்தில் திறந்து மூடும் வால்வும் விதிமுறைகளில் கேட்கப்படுகின்றன. இரண்டையும் ஒரு பெட்டிக்குள் வைத்து, மூடியைத் தரைமட்டத்தில் விட வேண்டும். செக் வால்வின் மேலுள்ள அம்புக்குறி தெருவை நோக்கியிருக்கிறதா என்று மண் மூடுவதற்கு முன் ஒருமுறை பாருங்கள்.

குழாய் தொட்டியைவிடத் தாழ்வான இடத்தை நோக்கி இறங்கிச் சென்றால் வேறொரு தொல்லை வரும். பம்பு நின்ற பிறகும் கீழே இறங்கும் நீர் தொட்டியிலுள்ளதை உறிஞ்சிக்கொண்டே போய், பம்புக்குள் காற்று புக வைக்கும். அத்தகைய மனைக்கு உறிஞ்சு தடுப்பு வால்வு உள்ள பம்பையே கேட்டு வாங்குங்கள்.

பழைய செப்டிக் டேங்கை நடுவில் விட்டுவைப்பது

ஏற்கெனவே இருக்கும் டேங்கின் வெளியேறு குழாயைப் புதிய தொட்டிக்குத் திருப்பிவிட்டால் தோண்டும் வேலை குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். பழைய டேங்கின் விரிசல்கள் வழியே நிலத்து நீர் உள்ளே கசியும். அங்கே தேங்கி அழுகிய நீரிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு புதிய தொட்டியின் உலோகப் பாகங்களை அரிக்கும். கிரைண்டர் பம்புக்கு வீட்டிலிருந்து புதிய கழிவு நேராக வர வேண்டும். பழைய டேங்கை முழுதும் இறைத்து, அடித்தளத்தை உடைத்து, மணலோ சரளையோ நிரப்பி மூடுவதுதான் வழக்கமான முறை. ஆய்வாளர் பார்க்கும் வரை மூடாமல் வைத்திருங்கள்.

பம்புக்கும் அலாரத்துக்கும் ஒரே மின்சுற்றைக் கொடுப்பது

பம்பு மோட்டார் பழுதாகி பிரேக்கர் விழும்போது, அதே சுற்றிலிருக்கும் அலாரமும் சேர்ந்தே அடங்கிவிடுகிறது. நீர்மட்டம் ஏறுவதை அறிவிக்க வேண்டிய ஒரே கருவி, தேவைப்படும் வேளையில் ஊமையாகிவிடும். பம்புக்குத் தனிச் சுற்று, அலாரத்துக்குத் தனிச் சுற்று என்று பிரித்துக் கொடுங்கள். அலாரப் பெட்டியை விளக்கு கண்ணில் படும் இடத்தில், தொட்டி தெரியும் தூரத்தில் வையுங்கள். வீட்டின் பின்சுவரில் வைத்த அலாரம் எரிந்துகொண்டே இருந்ததைக் கழிவு வீட்டுக்குள் வந்த பிறகே கண்டவர்கள் உண்டு.

மின்வெட்டின்போது தொட்டியின் முழுக் கொள்ளளவும் கைவசம் இருப்பதாக எண்ண வேண்டாம். பம்பு ஓடத் தொடங்கும் மட்டத்துக்கும் உள்ளே வரும் குழாயின் அடிமட்டத்துக்கும் இடையே உள்ள இடம் மட்டுமே சேமிப்பு. நீண்ட மின்வெட்டு வரும் பகுதியானால், ஜெனரேட்டரை இணைக்கும் சாக்கெட்டும் மாற்று சுவிட்சும் கொண்ட பெட்டியைத் தொடக்கத்திலேயே கேளுங்கள்.

தடக்கம்பி இல்லாமல் குழாயைப் புதைப்பது

பிளாஸ்டிக் குழாயை மண்ணுக்கு மேலிருந்து கண்டறிவது அரிது. பின்னாளில் கருவி வைத்துக் குழாய் போகும் தடத்தைக் கண்டறிய, கூடவே ஒரு செப்புக் கம்பியைப் புதையுங்கள்.

சோதிப்பதற்கு முன் மூடுவது

அழுத்தக் குழாயை நீர் நிரப்பிச் சோதிக்க வேண்டும்; காற்றை ஏற்றிச் சோதித்தால், இணைப்பு பிய்த்துக்கொள்ளும்போது அடைபட்ட காற்று அருகில் நிற்பவரைக் காயப்படுத்தும். எத்தனை அழுத்தம், எவ்வளவு நேரம் என்பதைத் துறையின் விதிமுறை சொல்லும். அடுத்து, தொட்டிக்குள் குழாய்நீரை விட்டு, பம்பு எந்த மட்டத்தில் ஓடத் தொடங்குகிறது, எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பம்பின் பிரேக்கரை மட்டும் அணைத்துவிட்டு நீரை ஏறவிட்டு, அலார விளக்கும் ஒலியும் வருகின்றனவா என்று வீட்டுக்காரரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். தொட்டி, எல்லை வால்வுப் பெட்டி, குழாய் வளைவுகள் ஆகியவற்றின் தூரத்தை வீட்டுச் சுவரின் இரு மூலைகளிலிருந்து அளந்து ஒரு தாளில் வரைந்து, அதன் ஒரு பிரதியை அலாரப் பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டிய பிறகு மண்ணைத் தள்ளத் தொடங்குங்கள்.