நேரடி விற்பனையில் பெயர் எடுக்க நினைப்பவர்கள் செய்யும் தவறுகள்

ஆம்வே, ஓரிஃபிளேம், மோடிகேர், வெஸ்டிஜ் எனத் தனி ஆட்கள் மூலம் நேரடியாக விற்கும் எந்த நிறுவனத்தின் பொருளை விற்றாலும், அதையே விற்கும் இன்னும் சிலர் உங்கள் ஊரில் இருப்பார்கள். பொருள் ஒன்று, விலையும் ஏறக்குறைய ஒன்று. உங்களிடம் வாங்க ஒருவருக்கு இருக்கும் காரணம் நீங்கள் மட்டுமே. ஆனாலும் பலர் தொழிலில் இறங்கியதும் முதல் வேலையாகத் தங்கள் பெயரைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறார்கள். விசிட்டிங் கார்டில் நிறுவனத்தின் சின்னம் பெரிதாக இருக்கும். முகநூல் பக்கத்துக்கும் நிறுவனத்தின் பெயர்தான். பல நிறுவனங்கள் இதற்கு அனுமதி தருவதில்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். பிளாஸ்டிக் டப்பாக்களுக்குப் பெயர்போன டப்பர்வேர் 2024 செப்டம்பரில் அமெரிக்காவில் திவால் பாதுகாப்பு கோரியது. அத்தனை பெரிய நிறுவனத்துக்கே அந்த நிலை. ‘டப்பர்வேர் அக்கா’ என்று மட்டும் அறியப்பட்டவர், நாளை வேறு பொருளை எடுத்துக்கொண்டு போனால் தம்மை மறுபடியும் அறிமுகம் செய்துகொள்ள வேண்டியிருக்கும்.

வீட்டுக்கு விருந்தினரை அழைத்து அங்கேயே பொருளைக் காட்டி விற்கும் முறையை அதே டப்பர்வேருக்காக 1950களில் வளர்த்தெடுத்தவர் பிரவுனி வைஸ். 1954இல் ‘பிசினஸ் வீக்’ என்ற அமெரிக்க வணிக இதழின் அட்டையில் இடம்பெற்ற முதல் பெண் அவர். 1958இல் நிறுவனம் அவரை வெளியேற்றியது. பிறகு அவர் தொடங்கிய அழகுசாதனத் தொழில் எடுபடவில்லை. அவ்வளவு புகழ் பெற்றவருக்கே அப்படி என்றால், நிறுவனம் அனுப்பும் போஸ்டரைத் தினமும் ஸ்டேட்டஸில் வைப்பதால் நமக்குப் பெயர் வந்துவிடுமா?

வாட்ஸ்அப்பைப் பொறுத்தவரை ஒரு நுட்பம் உண்டு. உங்கள் எண்ணைத் தம் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே, ஒரே நேரத்தில் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் செய்தி போய்ச் சேரும். அதனால் எண்களைத் திரட்டுவதைவிட, உங்கள் எண்ணைப் பிறர் சேமித்துக்கொள்ளும்படி செய்வதுதான் முக்கியம். கேட்காமலே குழுவில் சேர்த்தால் சேமிக்க மாட்டார்கள், பிளாக் செய்வார்கள்.

பெயரை ஒரே நாளில் கெடுத்துக்கொள்ள வழி வேண்டுமென்றால், சத்து மாவை மருந்து என்று சொல்லி விற்கலாம். ‘இதைச் சாப்பிட்டால் சர்க்கரை நோய் போய்விடும்’ என்று ஸ்டேட்டஸ் போடுபவர்களுக்கு 1954ஆம் ஆண்டிலிருந்தே மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் என்று ஒன்று இருப்பது தெரிவதில்லை. சர்க்கரை நோய், புற்றுநோய் போன்றவற்றைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை அது தடை செய்கிறது. துணை உணவு டப்பாக்களிலேயே ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்று அச்சிட்டிருப்பார்கள். உங்கள் பேச்சை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரியில் படுத்தால், அவர் வீட்டார் நிறுவனத்தைத் திட்ட மாட்டார்கள்.

காரின் முன்னால் நின்று எடுத்த படம், வெளிநாட்டுப் பயணப் படம், காசோலைப் படம் என வருமானத்தைக் காட்டி ஆள் சேர்க்கப் போடும் படங்கள் எல்லாம் ஒரே ரகம்தான். சோப்பு வாங்க வந்தவர், தம்மையும் உங்களுக்குக் கீழ் விற்பனையாளராகச் சேர்த்துவிடுவீர்களோ என்று ஒதுங்கிப்போவார்.

‘சும்மா ஒரு காபி சாப்பிட வாருங்கள்’ என்று அழைத்துவிட்டு அங்கே ‘பிளான்’, அதாவது சேர்ந்தால் எப்படிச் சம்பாதிக்கலாம் என்ற திட்டத்தைக் காட்டுவது இன்னும் மோசம். 2021 டிசம்பரில் வந்த நேரடி விற்பனை விதிகளின்படி, பேச்சைத் தொடங்கும்போதே நீங்கள் யார், எந்த நிறுவனம், என்ன பொருள், எதற்காக வந்திருக்கிறீர்கள் என்பதைச் சொல்லிவிட வேண்டும். அடையாள அட்டை இல்லாமலோ முன்கூட்டியே நேரம் கேட்காமலோ ஒருவர் வீட்டுக்குப் போகக் கூடாது. பலர் இதைத் தொல்லையாக நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், பெயரைச் சொல்லி அறிமுகம் செய்துகொள்ள அரசே தந்த வாய்ப்பு இது.

விற்றபின் காணாமல் போவதுதான் மிகப் பரவலான தவறு. கிரீம் ஒத்துக்கொள்ளவில்லை, மூடி உடைந்திருக்கிறது என்று ஒருவர் அழைக்கும்போது போனை எடுப்பவர் பெயரைத்தான் அவர் நாலு பேரிடம் சொல்வார். திருப்பித் தருவது, மாற்றித் தருவது, பணம் திரும்பக் கிடைப்பது எப்படி என்பதை விற்கும்போதே சொல்ல வேண்டும் என்று மேற்சொன்ன விதிகளும் கேட்கின்றன. யார், எதை, எந்தத் தேதியில் வாங்கினார் என்று ஒரு நோட்டில் குறித்து வைத்து, பத்து நாள் கழித்து ‘எப்படி இருக்கிறது?’ என்று மட்டும் கேளுங்கள். அந்த அழைப்பில் புதிதாக எதையும் விற்க வேண்டாம்.