கேட்டலிஸ்ட் 2960 ஸ்விட்ச்சில் க்யூவும் பர்ஸ்ட் அளவும் அமைப்பது

சிஸ்கோவின் 2960, 3560, 3750 ஸ்விட்ச்சுகளில் க்யூஓஎஸ் (எந்த டிராஃபிக்குக்கு முன்னுரிமை என்று தீர்மானிக்கும் வசதி) தொடக்கத்தில் அணைந்தே இருக்கும். பாக்கெட் எந்தக் குறியோடு வந்ததோ அதே குறியோடு வெளியே போகும். குளோபல் கான்ஃபிக்கில் ‘எம்எல்எஸ் க்யூஓஎஸ்’ என்று அடித்த நொடியே நிலைமை மாறிவிடும். எந்தப் போர்ட்டையும் ஸ்விட்ச் நம்பாது. வரும் டிஎஸ்சிபி (பாக்கெட்டின் ஐபி தலைப்பில் உள்ள முன்னுரிமைக் குறி) மதிப்பெல்லாம் 0 ஆகும். போர்ட்டின் பஃபர் (பாக்கெட்டுகள் காத்திருக்கும் நினைவகம்) நான்கு க்யூக்களுக்கு, அதாவது வரிசைகளுக்கு, 25 சதவீதமாகப் பிரிந்துவிடும். “க்யூஓஎஸ் போட்ட பிறகுதான் திக்குகிறது” என்ற புகார் பெரும்பாலும் இங்கிருந்துதான் கிளம்புகிறது. அந்த ஒரு வரியோடு நிறுத்தக்கூடாது. வேலை நேரத்தில் அதைத் தொடவும் கூடாது.

முதலில் ட்ரஸ்ட், அதாவது வரும் குறியை நம்புவது. அப்லிங்க் (மேல் ஸ்விட்ச்சுக்குப் போகும்) போர்ட்டில் ‘எம்எல்எஸ் க்யூஓஎஸ் ட்ரஸ்ட் டிஎஸ்சிபி’, ஐபி ஃபோன் இருக்கும் போர்ட்டில் ‘ட்ரஸ்ட் காஸ்’ (காஸ் என்பது ஈதர்நெட் ஃப்ரேமில் உள்ள முன்னுரிமைக் குறி). வெறும் கணினி மட்டும் இருக்கும் போர்ட்டை நம்பாமல் விடுங்கள்.

அடுத்து க்யூ. குரலுக்கான டிஎஸ்சிபி 46 தானாகவே 1-ஆம் க்யூவுக்குப் போகும். குறியில்லாத சாதாரண டிராஃபிக் 2-ஆம் க்யூவுக்கு. சிக்கல் என்னவென்றால், போர்ட்டின் இயல்பான ஷேப் (க்யூவின் வேக உச்சவரம்பு) மதிப்பு ‘25 0 0 0’. ஷேப் எண் தலைகீழ்ப் பின்னம். 25 என்றால் 25 சதவீதம் இல்லை, இருபத்தைந்தில் ஒரு பங்கு. 100 மெகாபிட் போர்ட்டில் குரலுக்கு 4 மெகாபிட்தான் கிடைக்கும். போர்ட்டில் ‘ப்ரையாரிட்டி-க்யூ அவுட்’ கொடுத்தால் இந்தக் கட்டு நீங்கி, 1-ஆம் க்யூ காலியாகும்வரை அதற்கே முதலிடம். அதனாலேயே பேக்கப் போன்ற கனமான டிராஃபிக்கை அந்தக் க்யூவில் விடாதீர்கள், மற்ற மூன்றும் பட்டினி கிடக்கும். ஷேப் 0 ஆக உள்ள க்யூக்களை ‘எஸ்ஆர்ஆர்-க்யூ பேண்ட்விட்த் ஷேர் 1 70 25 5’ போன்ற வரியால் பங்கிடலாம்; ஷேர் எண்கள் நேரான விகிதம்.

1 கிகாபிட்டில் வந்து 100 மெகாபிட்டில் வெளியேறும் போர்ட்டில் 2-ஆம் க்யூ அடிக்கடி நிரம்பி, பாக்கெட்டுகள் ட்ராப் ஆகும் (கைவிடப்படும்). அதற்கு: ‘எம்எல்எஸ் க்யூஓஎஸ் க்யூ-செட் அவுட்புட் 2 த்ரெஷோல்ட் 2 3100 3100 100 3200’. முதல் இரண்டு எண்கள் ட்ராப் எல்லை, மூன்றாவது ஒதுக்கீடு, நான்காவது உச்சம். எல்லாம் அந்தக் க்யூவின் சொந்தப் பஃபரில் சதவீதம். மிகப் பழைய ஐஓஎஸ் (ஸ்விட்ச்சின் இயங்கு மென்பொருள்) 400-க்கு மேல் ஏற்காது. பிறகு ட்ராப் ஆகும் போர்ட்டில் மட்டும் ‘க்யூ-செட் 2’ கொடுங்கள். கூடுதல் பஃபர் பொதுக் குளத்திலிருந்து வருவது. எல்லாப் போர்ட்டும் அள்ளினால் யாருக்கும் மிஞ்சாது.

வேகக் கட்டுப்பாட்டில் எண்கள்தான் எல்லாமே. ‘போலீஸ் 10000000 128000 எக்ஸீட்-ஆக்‌ஷன் ட்ராப்’ என்பதில் முதலாவது வினாடிக்கு எத்தனை பிட், இரண்டாவது பர்ஸ்ட், அதாவது ஒரே மூச்சில் அனுமதிக்கும் அளவு, அதுவும் பைட்டில். பர்ஸ்ட் 8000 முதல் 1000000 வரை இருக்கலாம். குறைந்த அளவே போதும் என்று 8000 வைத்தால் நடப்பதைப் பாருங்கள். சர்வர் ஒரே மூச்சில் 65,536 பைட்டை 1 கிகாபிட் வேகத்தில் தள்ளினால், அது சுமார் அரை மில்லி வினாடியில் வந்து சேர்ந்துவிடும். அந்நேரத்தில் 10 மெகாபிட் கணக்கில் வாளிக்குள் (பர்ஸ்ட் அளவுள்ள கணக்கு வாளி) விழும் டோக்கன், அதாவது அனுப்பும் அனுமதி, 655 பைட் மட்டுமே. 1500 பைட் பாக்கெட் ஐந்து தப்பும். மீதி முப்பத்துச் சொச்சமும் ட்ராப். டிசிபி உடனே வேகத்தைச் சுருக்கும், 10 மெகாபிட் வாங்கியவருக்கு அதில் பாதிகூடக் கிடைக்காது. சரியான பர்ஸ்டுக்கு, வேகத்தை 8-ஆல் வகுத்து 0.1 வினாடியால் (பாக்கெட் போய்ப் பதில் திரும்பும் சுற்றுநேரம்) பெருக்குங்கள்: 125,000 பைட். மறுமுனை தொலைவில் இருந்து சுற்றுநேரம் 200 மில்லி வினாடி ஆனால் இருமடங்கு.

போலீசிங், அதாவது மேலே சொன்ன வேகக் கட்டுப்பாடு, உள்ளே வரும் திசையில்தான் வேலை செய்யும், ‘சர்வீஸ்-பாலிசி இன்புட்’. 2960-இல் லேன் லைட் இமேஜ் (வசதி குறைந்த மென்பொருள் பதிப்பு) என்றால் அதுவும் இல்லை. வெளியேறும் திசைக்கு ‘எஸ்ஆர்ஆர்-க்யூ பேண்ட்விட்த் லிமிட் 50’. 10 முதல் 90 வரை சதவீதம். ஹார்ட்வேர் சுமார் ஆறு ஆறு சதவீதப் படியாகத்தான் நகரும் என்பதால், கொடுத்த பின் அளந்து பாருங்கள்.

சரிபார்க்க ‘ஷோ எம்எல்எஸ் க்யூஓஎஸ் இன்டர்ஃபேஸ்’ என்று போர்ட் பெயரும் கடைசியில் ‘ஸ்டாடிஸ்டிக்ஸ்’ உம் சேர்த்து அடியுங்கள். கான்ஃபிக்கில் 1 முதல் 4 என்ற க்யூக்கள் இங்கே 0 முதல் 3 என்று தெரியும். ட்ராப் ‘க்யூ 1’ என்று காட்டினால் சரிசெய்ய வேண்டியது 2-ஆம் க்யூ. ‘ஷோ பாலிசி-மேப் இன்டர்ஃபேஸ்’ எண்ணிக்கையை இந்த ஸ்விட்ச்சுகளில் நம்ப வேண்டாம், 0 என்றே நிற்கும். ‘ஸ்டாடிஸ்டிக்ஸ்’ கட்டளையின் அடியில் உள்ள போலீசர் வரியில் ‘அவுட்-ஆஃப்-ப்ரொஃபைல்’ (வரம்பை மீறிய எண்ணிக்கை) ஏறுகிறதா என்று பாருங்கள்.