நீலகிரிக்கு முதல்முறை போகிறீர்களா? மலையையும் மலை மக்களையும் பார்த்துவர நான்கு நாள் வழி

என் முதல் நீலகிரிப் பயணத்தில் ஒரு தோடர் மந்துக்குள் கேமராவோடு நேராக நுழைந்துவிட்டேன். மந்து என்றால் அவர்களுடைய ஊர். சில வீடுகள், எருமைத் தொழுவம், கொஞ்சம் தள்ளி புல் வேய்ந்த ஒரு கோயில். அந்தக் கோயிலைச் சுற்றிவந்து படம் எடுக்கப் போனபோது ஒரு பாட்டி வேகமாக வந்தார். "தம்பி, அங்க போகாதீங்க, அது எங்க சாமி வீடு" என்றார். சத்தம் போடவில்லை. ஆனாலும் அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அறியாத ஒருவர் நம் வீட்டுப் பூஜையறைக்குள் செருப்போடு வந்தால் நமக்கு எப்படி இருக்கும்?

தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு பழங்குடிகளின் வீடு இந்த மலை. பூங்கா, படகு இல்லம், சாக்லேட் கடை என்று சுற்றி வந்தால் இவர்களில் ஒருவரைக்கூடப் பார்க்காமல் திரும்பிவிடலாம். அப்படி ஆகாமல் இருக்கத்தான் இந்த வழி.

படி 1: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஏப்ரல், மே வேண்டாம். கூட்டத்தில் மலையே தெரியாது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை கூடலூர்ப் பக்கம் வெளுத்து வாங்கும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிப் பக்கம் கொட்டும். அப்போது மண் சரிந்து மலை ரயிலை நிறுத்திவிடுவதும் உண்டு. முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது ஜனவரி, பிப்ரவரி. வானம் தெளிந்திருக்கும். விடியற்காலையில் ஊட்டிப் புல்வெளிகளில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். ஸ்வெட்டர் மட்டும் போதாது. காதை மூடும் குல்லாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 2: மேலே ஏறும் வழி

சொந்த வண்டியில் போனால் இ-பாஸ் வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இந்த நடைமுறை இருக்கிறது. கிளம்பும் முன் இணையத்தில் பதிந்து வாங்கிவிடுங்கள். அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு அது தேவையில்லை. புதியவர்களைப் பேருந்திலும் ரயிலிலும் போகச் சொல்ல எனக்கு இதுவும் ஒரு காரணம்.

சென்னையில் இருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏறினால் விடிந்ததும் மேட்டுப்பாளையம். அங்கே காலை 7.10க்கு மலை ரயில் புறப்படும். இருக்கைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் முன்பதிவு திறந்த அன்றே எடுத்துவிடுங்கள். ஊட்டி வரைக்குமான 46 கிலோமீட்டரில் 208 வளைவுகள், 16 சுரங்கங்கள், 250 பாலங்கள். கல்லாறு தாண்டியதும் தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை வரும்; எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறும். எஞ்சின் முன்னால் இழுக்காது, பின்னால் இருந்து தள்ளும். 2005இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

தண்ணீருக்கு வீட்டிலிருந்தே எஃகுப் பாட்டில் கொண்டு போங்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு மாவட்டம் முழுக்கத் தடை. சோதனைச் சாவடியில் பையைத் திறந்து பார்ப்பார்கள்.

படி 3: ஊட்டியில் அல்ல, கோத்தகிரியில் தங்குங்கள்

குன்னூரில் இறங்கிப் பேருந்து மாறினால் ஒரு மணி நேரத்துக்குள் கோத்தகிரி. கோத்தர் வாழ்ந்த கேரி (தெரு) என்பதே கோத்தகிரி ஆனது என்பார்கள். ஊட்டியைவிடக் குளிர் குறைவு, நெரிசலும் குறைவு. முதல் இரண்டு இரவுகளை இங்கே வையுங்கள்.

படி 4: சோலைக்குள் அரை நாள்

நீலகிரி என்றதும் நம் கண்ணில் வரும் தேயிலைத் தோட்டமும் கற்பூர மரமும் சீகை மரமும் வெள்ளைக்காரர் காலத்தில் வந்தவை. இந்த மலையின் பழைய முகம் வேறு. மேடெல்லாம் புல்வெளி, மடிப்புகளில், ஓடை பிறக்கும் இடங்களில் மட்டும் குட்டையான, பாசி படர்ந்த மரங்கள் நெருக்கியடித்து நிற்கும். அந்த மரக்கூட்டத்தின் பெயர்தான் சோலை. உலகம் முழுக்கத் தாவரவியலாளர்கள் இன்று நம் தமிழ்ச் சொல்லாலேயே இந்தக் காட்டை அழைக்கிறார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்னமும் நெஞ்சு நிறையும்.

மரம் ஏன் புல்வெளிக்குப் பரவுவதில்லை? குளிர்காலத்து உறைபனி ஒரு காரணம். திறந்த வெளியில் முளைக்கும் மரக்கன்றுகளை அது கருக்கிவிடும். புல்லும் சோலையும் சேர்ந்து மழையைப் பஞ்சு போல உறிஞ்சிவைத்து, கோடையிலும் ஓடைகளில் சொட்டுச் சொட்டாக விடுகின்றன.

கோத்தகிரியை ஒட்டியே லாங்வுட் சோலை இருக்கிறது. 116 ஹெக்டேர்தான். 2024இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. வனத்துறையிடம் அனுமதி வாங்கிக்கொண்டு காலையிலேயே போங்கள். உள்ளே நுழைந்ததும் வெளிச்சம் பாதியாகும், பேச்சு தானாகத் தணியும். பத்து நிமிடம் அசையாமல் நின்றால் நீலகிரிச் சிரிப்பான் பறவைகள் கூட்டமாகக் குரல் கொடுப்பது கேட்கும். மழை பெய்த மறுநாள் என்றால் அட்டை ஏறும். பேண்டைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள், கொஞ்சம் உப்பும் கையில் இருக்கட்டும்.

மதியம் பேருந்தில் கோடநாடு காட்சிமுனை. கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்கு, எதிரே ரங்கசாமி மலை. அந்தச் சிகரம் மக்கள் கும்பிடும் இடம். பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பலாம்.

படி 5: முதலில் அருங்காட்சியகம், பிறகு மந்து

மூன்றாம் நாள் ஊட்டிக்கு மாறுங்கள். நேரே முத்தோரை பாலாடாவில் உள்ள பழங்குடியினர் ஆய்வு மையத்துக்குப் போங்கள். வார நாளில் வைத்துக்கொண்டால்தான் திறந்திருக்கும். ஒவ்வொரு பழங்குடியின் வீட்டையும் மாதிரியாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். மூங்கிலையும் பிரம்பையும் வளைத்துக் கட்டிப் புல் வேய்ந்த, பீப்பாயைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்தது போன்ற தோடர் வீட்டை இங்கே நிதானமாகப் பார்க்கலாம். குனிந்து தவழ்ந்துதான் உள்ளே போக முடியும். குளிரும் காட்டு விலங்கும் எளிதில் நுழையக் கூடாது என்று வாசல் அவ்வளவு சிறிது.

இங்கே இன்னொன்றும் புரியும். இந்த மக்கள் தனித்தனித் தீவுகளாக இருந்ததில்லை. தோடர் பாலும் நெய்யும் கொடுத்தார்கள். கோத்தர் மண்பானையும் இரும்புக் கருவியும் செய்து கொடுத்தார்கள், சடங்குகளுக்கு வாத்தியம் வாசித்தார்கள். குறும்பர் தேனும் காட்டுப் பொருளும் கொண்டுவந்தார்கள். மலையில் உழவு செய்த படகர் தானியம் கொடுத்தார்கள். இப்படிப் பல தலைமுறைகள் ஒருவரை ஒருவர் நம்பிப் பிழைத்த மலை இது.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு, யாராவது அழைத்தால் மட்டும் மந்துக்குப் போங்கள். அழைப்பு எப்படிக் கிடைக்கும்? தங்கும் இடத்தில் கேளுங்கள்; தோடர் பெண்கள் துணி விற்கும் கடையில் உட்கார்ந்து பேசுங்கள். தோட மொழி தனி மொழி, எழுத்து இல்லாத திராவிட மொழி. ஆனால் பெரும்பாலோர் நம்மோடு தமிழில் நன்றாகப் பேசுவார்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவருக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும், நமக்கு "அக்கா, நல்லா இருக்கீங்களா?" போதும்.

போனால் வாசலிலேயே நில்லுங்கள். கோயில் எது, எதுவரை போகலாம் என்று முதலில் கேளுங்கள். எருமைப் பாலைப் புனிதமாக வைத்திருக்கும் கோயில் அது. பூசாரியைத் தவிர யாரும் உள்ளே போவதில்லை. கேட்காமல் படம் எடுக்காதீர்கள், குழந்தைகளை எடுக்கவே வேண்டாம். தோடர் மரபில் இறைச்சி கிடையாது என்பதால் அசைவப் பொட்டலத்தோடு போகாதீர்கள். "காட்டுவாசி" என்ற சொல் உங்கள் வாயில் வரவே கூடாது.

படி 6: வாங்குவது

தோடர் போர்வைக்குப் பூத்துக்குளி என்று பெயர். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகக் கை வேலைப்பாடு. படம் வரைந்து வைத்துக்கொண்டு தைப்பதில்லை. துணியின் இழையை எண்ணி எண்ணியே கோலம் வருகிறது. 2013இல் தோடர் பூவேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மெஷினில் போட்ட போலியும் விற்கிறார்கள். விரலால் தடவிப் பாருங்கள்: கைவேலையில் நூல் லேசாகப் புடைத்து நிற்கும், இரண்டு பக்கமும் பார்க்க நன்றாக இருக்கும். ஒரு போர்வை முடிய வாரக்கணக்கில் ஆகும், அதனால் தயவுசெய்து பேரம் பேசாதீர்கள். கையில் காசு குறைவென்றால் சின்னப் பை வாங்குங்கள்.

குறும்பர் ஓவியம் கண்ணில் பட்டால் விடாதீர்கள். வேங்கை மரத்துப் பிசினில் பழுப்பு நிறம் எடுத்து வரைகிறார்கள். பாறையில் தொங்கி மலைத்தேன் எடுப்பதுதான் பெரும்பாலும் காட்சி.

படி 7: நான்காம் நாள், தெப்பக்காடு

கூடலூர் வழியாக முதுமலைக்கு இறங்குங்கள். அங்கே தெப்பக்காடு யானை முகாமில் காலையிலும் மாலையிலும் கவளம் கொடுப்பார்கள். ராகி, கொள்ளு, வெல்லம் எல்லாம் சேர்த்து உருட்டிய பெரிய உருண்டை. அந்த நேரத்தில் யானையை மட்டும் பார்க்காமல் பாகனையும், காவடி எனப்படும் உதவிப் பாகனையும் கவனியுங்கள். பெரும்பாலோர் குறும்பர், காட்டுநாயக்கர், இருளர். ஒரு சின்னச் சத்தத்துக்கு அந்தப் பெரிய உடம்பு எப்படித் திரும்புகிறது என்று பாருங்கள்.

புலிகள் காப்பகத்துச் சாலையில் வண்டியை விட்டு இறங்காதீர்கள், குரங்குக்கும் மானுக்கும் எதுவும் போடாதீர்கள். இரவு 9 முதல் காலை 6 வரை இந்தச் சாலையில் போக்குவரத்து கிடையாது. எனவே மதியத்துக்குள் கிளம்பி மேட்டுப்பாளையம் பேருந்தைப் பிடித்தால் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸுக்குச் சரியாக இருக்கும். தேன் வாங்கியிருந்தால் பாட்டிலைத் துணிக்குள் சுற்றி நிமிர்த்தி வையுங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் பை ஒருபக்கமாகச் சாயும்.