மத்தன் முதல் சாளை வரை: ஆறு மாதக் குழந்தைக்கு வீட்டிலேயே மசியல்

ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு முதன்முதலாகக் காய்கறி மசித்துக் கொடுக்கும்போது பல வீடுகளில் ஒரே பிழைதான் நடக்கிறது. தொண்டையில் சிக்கிவிடுமோ என்ற பயத்தில் அதைத் தண்ணீராக்கிவிடுகிறார்கள். குழந்தையின் வயிறு சின்னது. உடல் எடையில் கிலோவுக்கு 30 மில்லி என்று வைத்துக்கொண்டால், 7 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 200 மில்லி சொச்சம்தான் கொள்ளும். அந்த இடத்தைத் தண்ணீர் அடைத்துக்கொண்டால் வயிறு நிறையும், எடை ஏறாது.

பதம் பார்க்க எளிய வழி உண்டு. மசியலைக் கரண்டியில் எடுத்துச் சாய்த்துப் பாருங்கள். ஒழுகி ஓடினால் நீர்த்துவிட்டது. சற்று நேரம் கரண்டியில் நின்று, பிறகு மெதுவாகக் கட்டியாக விழுந்தால் சரி.

எப்போது தொடங்குவது

180 நாள் முடியும் வரை தாய்ப்பால் மட்டும் போதும். அதற்குப் பிறகும், தலை ஆடாமல் நிற்கிறதா, பிடித்து உட்கார வைத்தால் உட்காருகிறதா, வாயில் வைத்ததை நாக்கால் வெளியே தள்ளாமல் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாம் மாதத்திலோ நான்காம் மாதத்திலோ ஏத்தங்காய்ப் பொடி (நேந்திரங்காய்ப் பொடி) காய்ச்சிக் கொடுக்கும் வழக்கம் நம் குமரி மாவட்டத்தில் இன்னும் இருக்கிறது. குழந்தை இரவில் தூங்கவில்லை, பால் போதவில்லை என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவர்களுடைய அக்கறையை மதித்தே, ஆறு மாதம் முடியும் வரை பொறுங்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தையானால் நாள் கணக்கை டாக்டரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

மத்தனில் தொடங்குங்கள்

வடசேரி சந்தையிலோ மார்த்தாண்டம் சந்தையிலோ கீற்றாக வெட்டி விற்கும் மத்தங்காய் (பரங்கிக்காய்) முதல் காய்க்கு ஏற்றது. நார் குறைவு, லேசான இனிப்பு, சீக்கிரம் வேகும். நன்றாக விளைந்து, சதை ஆரஞ்சு நிறத்தில் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். வெளிறிய இளங்காயில் தண்ணீர்தான் அதிகம். தடியங்காய் (வெண்பூசணி), வெள்ளரிக்காய், புடலங்காய் எல்லாமே இதே காரணத்தால் முதல் வாரங்களுக்கு ஏற்றவை அல்ல.

மத்தன் 150 கிராம் எடுத்து, ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, தோலும் குடலும் விதையும் நீக்கினால் 110 கிராம் அளவு மிஞ்சும். ஏறத்தாழ 2 செ.மீ. துண்டுகளாக, எல்லாம் ஒரே அளவில் வெட்டுங்கள். பெரிதும் சிறிதுமாக இருந்தால் ஒன்று குழைந்து நீர் விடும்போது இன்னொன்று நடுவில் வேகாமல் நிற்கும். இட்லித் தட்டில் பரப்பி, தண்ணீர் கொதித்த பிறகு உள்ளே வைத்து 10 முதல் 12 நிமிடம் ஆவியில் வேகவையுங்கள். கரண்டிக் காம்பு தடையில்லாமல் உள்ளே இறங்க வேண்டும். தண்ணீரில் போட்டு வேகவைத்தால் காய் நீரைக் குடித்துவிடும், பிறகு கெட்டியாக்க வழியில்லை. வைட்டமின் சியும் அந்தத் தண்ணீரோடு போய்விடும்.

ஐந்து நிமிடம் ஆறவிட்டு மசியுங்கள். இந்தக் கொஞ்ச அளவுக்கு மிக்சி தேவையில்லை. பிளேடுக்கு எட்டாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். சுத்தமான எஃகு சல்லடையைக் கிண்ணத்தின் மேல் கவிழ்த்து, கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்த்தால் நாரும் திப்பியும் மேலே நின்றுவிடும், கீழே வழவழப்பாக இறங்கும். கெட்டியாக இருந்தால் பிழிந்தெடுத்த தாய்ப்பாலோ, கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரோ ஒரு தேக்கரண்டி விடுங்கள். பதம் பார்த்த பிறகே அடுத்த தேக்கரண்டி. கடைசியாக அரைத் தேக்கரண்டி தேங்காய் எண்ணெய். மத்தனிலும் கேரட்டிலும் உள்ள பீட்டா கரோட்டின் (வைட்டமின் ஏ தரும் சத்து) உடலில் ஒட்ட கொழுப்பு வேண்டும். எண்ணெய் சேர்க்காமல் கொடுத்தால் அதன் முழுப் பயன் கிடைக்காமல் போகும்.

மிக்சியில்தான் அரைக்க வேண்டுமென்றால் சட்னி ஜாரில் குறைந்தது 100 கிராமாவது போடுங்கள். சூடாக இருக்கும்போது மூடியை இறுக்கி ஓட்டாதீர்கள், ஆவி மூடியைத் தள்ளிவிடும். மிளகாய் அரைக்கும் ஜாரின் வாஷரில் காரம் தங்கியிருக்கும். குழந்தைக்குத் தனி ஜார் வைத்துக்கொள்வது நல்லது.

முதல் நாள் காலையில், குழந்தை அரை வயிறு பால் குடித்த பிறகு, இரண்டு மூன்று தேக்கரண்டி போதும். தூக்கக் கலக்கத்தில் கொடுக்காதீர்கள். நிமிர்த்தி உட்கார வைத்து, கரண்டியைக் கீழுதட்டில் தொட்டு நிறுத்துங்கள், குழந்தையே வாய் திறக்கட்டும். மேலண்ணத்தில் தடவிவிட்டால் ஓங்கரிக்கும். ஒரே காயை மூன்று நாள் கொடுத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். உடலில் தடிப்பு, உதடு வீக்கம், விடாத வாந்தி இருந்தால் எந்த உணவால் வந்தது என்று உடனே தெரிந்துவிடும். மூச்சு வாங்கினால் காத்திருக்காமல் 108க்கு அழைக்க வேண்டும்.

முகம் சுளித்தால் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஒரு காயை ஏற்றுக்கொள்ள எட்டு, பத்து முறை தேவைப்படலாம். வலுக்கட்டாயமாகத் திணிக்காமல், இரண்டு நாள் இடைவெளி விட்டு மறுபடியும் கொடுங்கள்.

கிழங்கும் ஏத்தங்காயும்

சீனிக்கிழங்கு (சர்க்கரைவள்ளி), உருளைக்கிழங்கு இரண்டையும் மிக்சியில் போடவே கூடாது. பிளேடு மாவுச்சத்துள்ள செல்களைக் கிழித்துவிடும், பசை போல இழுபடும். வேகவைத்து (சீனிக்கிழங்கு துண்டுக்கு 15 நிமிடம், முழுசானால் அரை மணி) கரண்டியால் மசித்து, சல்லடையில் தேய்த்தால் பசையாகாமல் மிருதுவாக வரும். சீனிக்கிழங்கில் நார் வெளிப்புறத்தில்தான் அதிகம், தோலைச் சற்று தடிமனாகவே சீவிவிடுங்கள். சேம்பு அரிப்பைத் தரும், முதல் வருடத்தில் வேண்டாம். மரச்சீனியையும் (மரவள்ளிக்கிழங்கு) அவசரப்படாமல் ஒரு வயதுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். சத்து குறைவு. சயனைடு சேர்மங்கள் உள்ள கிழங்கு என்பதால் நன்றாக வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டித்தான் சாப்பிட வேண்டும்.

ஏத்தம்பழம் நன்றாகப் பழுத்து, தோலில் கரும்புள்ளி விழுந்ததாக இருக்கட்டும். தோலோடு 10 நிமிடம் ஆவியில் வைத்து, உரித்து, நீளவாக்கில் பிளந்து, நடுவில் ஓடும் கறுப்பு விதை வரிசையைக் கரண்டி நுனியால் சுரண்டி எடுத்த பிறகே மசிக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் மலத்தில் கறுப்பு நூல் போல வரும், புழு என்று நினைத்துப் பயந்துபோவோம். மட்டி என்ற சிறு வாழைப்பழத்துக்கு இந்த வேலையெல்லாம் இல்லை. வேகவைக்கவும் வேண்டாம், கரண்டியால் மசித்தாலே போதும். ஆனால் பழத்தின் இனிப்பு பழகிவிட்டால் காய்க்கு அடம் பிடிக்கலாம், அதனால் காய்களில் நாலைந்து பழக்கிய பிறகு பழம் தொடங்குங்கள்.

ஏத்தங்காய்ப் பொடி வீட்டில் செய்வதானால் வெயில் முக்கியம். பச்சை ஏத்தங்காயைத் தோல் சீவி, நாணயத் தடிமனில் வட்டமாகச் சீவி, கையால் ஒடித்தால் சடக்கென்று முறியும் வரை காயவிட்டுப் பொடித்துச் சலியுங்கள். நமக்குத் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் உண்டு. ஜூனிலும் அக்டோபர், நவம்பரிலும் பாதி காய்ந்து நின்றுபோன துண்டில் பூஞ்சை பிடிக்கும், கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கும். அந்த மாதங்களில் செய்யாதீர்கள், கோடையிலேயே செய்து காற்றுப்புகாத டப்பாவில் வைத்துவிடுங்கள். ஒரு மேசைக்கரண்டிப் பொடியை முதலில் 150 மில்லி பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, பிறகு அடுப்பில் வைத்து ஏழெட்டு நிமிடம் கிண்ட வேண்டும். கொதிக்கும் தண்ணீரில் பொடியைப் போட்டால் வெளிப்புறம் வெந்து உள்ளே மாவாக நிற்கும். ஆறும்போது இன்னும் இறுகும் என்பதால் அடுப்பில் இருக்கும்போது சற்று இளகலாகவே இறக்குங்கள். மலச்சிக்கல் கண்டால் ஏத்தங்காயையும் கேரட்டையும் குறைத்து மத்தன், பழுத்த பப்பாளி பக்கம் போகலாம்.

காய் மட்டும் போதாது

பிறக்கும்போது குழந்தை கொண்டுவரும் இரும்புச்சத்துச் சேமிப்பு ஆறு மாதத்தோடு தீரத் தொடங்கும். காய்கறி மசியலில் இரும்பு மிகக் குறைவு. இரண்டாம் வாரத்திலேயே பருப்பைச் சேர்த்துவிடுங்கள். ஒரு மேசைக்கரண்டி சிறுபருப்பைக் குக்கரில் நாலு விசில் குழைய வேகவைத்து, சோறு இரண்டு பங்கு, பருப்பு ஒரு பங்கு, காய் ஒரு பங்கு என்று சேர்த்து மசித்து, ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெயோ நெய்யோ விட்டால் ஒரு முழு வேளை உணவு. மேலே நாலைந்து சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் பருப்பின் இரும்பை உடல் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். முருங்கை இலை சேர்ப்பதானால் காம்பு ஒன்றுகூட இல்லாமல் உருவி, ஒரு சிறு கை அளவு, ஐந்து நிமிடம் வேகவைத்து, பருப்போடு சேர்த்துச் சல்லடையில் தேய்க்க வேண்டும். முழு இலை அண்ணத்தில் ஒட்டிக்கொண்டால் குழந்தை ஓங்கரித்து எல்லாவற்றையும் கக்கிவிடும்.

கடல் பக்கத்திலேயே இருந்துகொண்டு மீனை ஒரு வயது வரை தள்ளிப்போடத் தேவையில்லை. மீன், முட்டை இரண்டையும் ஆறு மாதத்துக்குப் பிறகு தனித்தனியே அறிமுகப்படுத்தலாம். தாமதிப்பதால் ஒவ்வாமை குறையாது. சாளை (மத்தி), அயலை (கானாங்கெளுத்தி), நெத்தோலி (நெத்திலி) போன்ற சிறு மீன் நல்லது. சாளையை ஆவியில் வைத்து, தோலை நீக்கி, விரலால் ஒருமுறை, வெளிச்சத்தில் பரப்பி இன்னொருமுறை முள் பார்த்து, பிறகு சல்லடையில் தேய்த்து மசியலோடு சேருங்கள். முதலில் அரைத் தேக்கரண்டி போதும். சுறா போன்ற பெரிய மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும், குழந்தைக்கு வேண்டாம். கருவாட்டில் உப்பு அதிகம்.

இதோடு, கிராம சுகாதாரச் செவிலியர் தரும் இரும்புச்சத்து சிரப்பையும் (ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை வாரம் இரண்டு முறை, 1 மில்லி வீதம்) விட்டுவிடாதீர்கள்.

தேன், கருப்பட்டி, உப்பு

மார்த்தாண்டம் தேனின் பெயர் எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு சுத்தமான தேனானாலும் ஒரு வயதுக்குள் ஒரு துளிகூடக் கொடுக்கக் கூடாது. கலப்படம் இங்கே பிரச்சினையே இல்லை. இயற்கையாகவே தேனில் இருக்கக்கூடிய கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து நச்சை உண்டாக்கும். தசை தளர்ந்து, மூச்சே நின்றுபோகும் அளவுக்குப் போகலாம். பிறந்த குழந்தையின் நாக்கில் முதல் இனிப்பாகச் சேனை தொட்டு வைக்கும் வழக்கத்திலும் தேனை விலக்குங்கள். கருப்பட்டி, சீனி, உப்பு இவையும் ஒரு வயது வரை வேண்டாம். பசும்பாலை முக்கிய பானமாகக் கொடுப்பதும் அதற்குப் பிறகுதான்.

எடுத்து வைப்பது

நம் வெக்கையில் செய்த மசியலை வெளியே ஒரு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். ஃபிரிட்ஜில் ஒரு நாள், உறைய வைத்தால் ஒரு மாதம். ஐஸ் தட்டின் குழிகளில் உறைய வைத்தால் அளவும் சுலபம். உறைந்ததை வெளியே வைத்து இளக்காமல் நேராகப் பாத்திரத்தில் போட்டு, நடுவிலும் ஆவி வரும் வரை கொதிக்கவிட்டு ஆற்றிக் கொடுங்கள். மீதியை மறுபடி உறைய வைக்கக் கூடாது. நெடுநேரம் மின்சாரம் போய், கட்டி இளகியிருந்தால் கொட்டிவிடுங்கள். கீரை, பீட்ரூட் மசியலை அன்றன்றே தீர்க்க வேண்டும், வெந்த தண்ணீரையும் சேர்க்க வேண்டாம். அவற்றில் உள்ள நைட்ரேட் நேரம் ஆக ஆக, குழந்தைக்குக் கெடுதலான நைட்ரைட்டாக மாறும்.

குழந்தை சாப்பிட்ட கிண்ணத்தில் மிஞ்சியதையும் எடுத்து வைக்காதீர்கள். வாயிலிருந்து வந்த கரண்டியோடு எச்சிலும் கிருமியும் உள்ளே போயிருக்கும். கெட்டியாக இருந்த மசியல் கொஞ்ச நேரத்தில் நீர்த்துப்போவதற்கும் எச்சிலில் உள்ள நொதிதான் காரணம். தேவையான அளவை முதலிலேயே தனிக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் வராது.

பீட்ரூட் கொடுத்த மறுநாள் மலமும் சிறுநீரும் சிவந்திருந்தால் பயப்பட வேண்டாம். மத்தனும் கேரட்டும் தினமும் கொடுத்தால் உள்ளங்கை மஞ்சளாகும், கண்ணின் வெள்ளை வெள்ளையாகவே இருக்கும். கண்ணும் மஞ்சளானால் அது காமாலை, டாக்டரிடம் காட்ட வேண்டும்.

மசியலை விட்டு வெளியே

வழவழப்பான மசியல் சில வாரத்துக்குத்தான். ஏழு மாதம் முடிந்ததும் சல்லடையை நிறுத்திக் கரண்டியால் மட்டும் மசியுங்கள். ஒன்பதாம் மாதத்தில் பட்டாணி அளவுக் கட்டிகள் இருக்கட்டும், விரல் நீளத்துக்கு வெந்த கேரட்டைக் கையிலும் கொடுக்கலாம். பல் இல்லையென்றாலும் ஈறு மெல்லும். இதைத் தள்ளிப்போட்டால் கட்டி எதையும் ஏற்காத பழக்கம் பிடித்துக்கொள்ளும். இந்தக் கட்டத்தில் ஓங்கரிப்பது சகஜம். சத்தமும் இருமலும் இருக்கும், முகம் சிவக்கும், தானே சரியாகிவிடும். சத்தமே வராமல் போனாலோ, முகம் நீலம் பாய்ந்தாலோ அது அடைப்பு. உடனே ஒருவர் 108க்கு அழைக்க, இன்னொருவர் குழந்தையை முன்கையில் குப்புற, தலை தாழ்ந்திருக்கக் கிடத்தி, தோள்பட்டைகளுக்கு நடுவில் ஐந்து தட்டு தட்ட வேண்டும். பிறகு மல்லாத்தி, மார்பெலும்பின் நடுவில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை அழுத்துங்கள். வாய்க்குள் விரலை விட்டுத் துழாவாதீர்கள், உள்ளே தள்ளிவிடும்.

பத்தாம் மாதத்தில் தனிச் சமையலே தேவைப்படாது. அவியலுக்குக் காய் வெந்ததும், உப்பும் தேங்காய் அரைப்பும் சேர்க்கும் முன் குழந்தைக்கு ஒரு கரண்டி எடுத்து வைத்துவிடுங்கள். முருங்கைக்காயை மட்டும் பிளந்து சதையை வழித்துக் கொடுக்க வேண்டும், ஓடு குழந்தையின் கைக்குப் போகக் கூடாது.